டைனாகோ ஸ்டீரியோ 70: புது வால்வு கேட்ட ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் இயங்கிய டைனாகோ நிறுவனம் 1959-இல் வெளியிட்ட ஸ்டீரியோ 70 என்னும் வால்வு ஆம்ப்ளிஃபையர்; வால்வு என்பது டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்து வெற்றிடக் கண்ணாடிக் குழாய். டேவிட் ஹாஃப்லர் நடத்திய அந்த நிறுவனம் இதைப் பெரும்பாலும் பாகங்களாகவே பெட்டியில் அடுக்கி, 99.95 டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் கையேட்டைப் பார்த்து, தாங்களே சால்டர் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். சேனலுக்கு 35 வாட் தரும் இந்தப் பெட்டி மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றதாகச் சொல்லப்படுகிறது. எனவே பழைய பொருள் சந்தையில் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலானவை யாரோ ஒருவர் தம் வீட்டு மேசையில் பூட்டியவை என்பதால், ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதில்லை.

நான் பார்த்த பெட்டியை அதன் இன்றைய உரிமையாளர் பென்சில்வேனியாவில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் வாங்கியிருந்தார். பாட்டு வந்தது, ஆனால் மனத்துக்கு நிறைவாக வரவில்லை. இடது ஸ்பீக்கரில் மெல்லிய ‘ம்ம்ம்’ ஓசை நிற்காமல் கேட்டது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அடிக்கும்போது அந்தப் பக்கத்துச் சத்தம் உருண்டு வராமல் தளர்ந்து வந்தது. வலது பக்கம் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு காரமாக மாறியது. இவற்றுக்கெல்லாம் மருந்தாக அவர் வைத்திருந்த பட்டியல் இதுதான்: ஸ்பீக்கரை ஓட்டும் நான்கு இஎல்34 வால்வுகளை எடுத்துவிட்டு, அவற்றைவிடப் பெரிய வால்வான கேடி88 நான்கு போடுவது, மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ஜிஇசட்34 ரெக்டிஃபையர் வால்வுக்குப் பதிலாக அதே சாக்கெட்டில் செருகும் சிலிக்கான் டயோடு வைப்பது, இரண்டு 7199 வால்வுகளுக்கும் ஏலத்தில் பழைய, பயன்படுத்தப்படாத சரக்கைத் தேடி வாங்குவது. “அண்ணா, கேடி88 போட்டா வாட்ஸ் கூடும்தானே?” என்பது அவருடைய முதல் கேள்வி.

வாட் கூடப்போவதில்லை. ஏன் என்பது பின்னால் வரும். அதற்கு முன், எந்த வால்வையும் வாங்குவதற்கு முன்னால், அந்த வால்வு நின்று வேலை செய்யும் இடத்தை அளந்துவிட வேண்டும் என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்தேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் பெரும்பாலும் அவ்வளவுதான்.

வந்த நிலையில் கண்டவை

ஸ்டீரியோ 70-இன் சுற்று மிகச் சிக்கனமானது. ஒவ்வொரு சேனலிலும் ஒரே ஒரு 7199. அதன் ஒரு பாதியான பென்டோடு சிக்னலைப் பெருக்குகிறது, மறுபாதியான டிரையோடு அதை எதிரெதிர்த் திசையில் இரண்டாகப் பிரிக்கிறது. பிரிந்த இரண்டும் இரண்டு இஎல்34 வால்வுகளுக்குப் போகின்றன. அவை மாறி மாறி இழுத்துத் தள்ளி, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஸ்பீக்கரை ஓட்டுகின்றன. ஹாஃப்லரும் ஹெர்பர்ட் கெரோஸும் 1951-இல் விளக்கி எழுதிய அல்ட்ராலீனியர் முறையில், அந்த டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிச் சுற்றிலிருந்தே ஒரு முனை எடுத்து, வால்வின் உள் மின்முனைகளில் ஒன்றான ஸ்கிரீன் கிரிட்டுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு சேனலுக்கும் சேர்த்து உயர் மின்னழுத்தம் தருவது ஒரே ஒரு ஜிஇசட்34.

அளவு எடுப்பதற்கு டைனாகோ ஓர் எளிய வழியை வைத்திருந்தது. ஒரு சேனலின் இரண்டு இஎல்34 வால்வுகளின் கேதோடுகளும் (எலெக்ட்ரான்கள் புறப்படும் முனைகள்) சேர்ந்து, ஒரே 15.6 ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரைக்கு இறங்குகின்றன. அந்த ரெசிஸ்டரின் குறுக்கே 1.56 வோல்ட் காட்டும்வரை பயாஸ் திருகை, அதாவது பாட்டு ஓடாதபோதும் வால்வு இழுக்கும் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் எதிர்மின்னழுத்தத்தை மாற்றும் திருகை, திருப்ப வேண்டும். அப்போது இரண்டு வால்விலும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, அதாவது ஆளுக்கு 50 என்பது கணக்கு. அந்தக் காலத்தில் வீட்டில் இருந்த சாதாரண மீட்டரை வைத்துக்கொண்டு எவரும் செய்துவிடக்கூடிய வேலை இது, சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மீட்டர் கூட்டுத்தொகையை மட்டுமே காட்டும். அது இரண்டு வால்வுக்கும் இடையே எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டாது. ஒரு சேனலுக்கு ஒரே திருகுதான் என்பதால், பங்கைத் தனித்தனியே சரிசெய்யவும் வழியில்லை.

இடது சேனலில் மீட்டர் மிகச் சரியாக 1.56 வோல்ட் காட்டியது. முந்தைய உரிமையாளர் கையேட்டின்படி கவனமாகவே வைத்திருக்கிறார். பிறகு வால்வுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகி, ஒவ்வொரு வால்வின் கேதோடு மின்னோட்டத்தையும் தனியாகக் காட்டும் அளவியைப் போட்டுப் பார்த்தபோது ஒன்றில் 63, மற்றதில் 37 மில்லி ஆம்பியர். கூட்டினால் நூறு, கையேடு திருப்தி அடைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தத் திருப்தி இல்லை. இரண்டு பாதியிலும் சமமான மின்னோட்டம் எதிரெதிராக ஓடினால்தான் இரும்பு உள்ளகத்தில் நிரந்தரக் காந்தமேற்றம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 26 மில்லி ஆம்பியர் வேறுபாடு நின்றுவிட்டால் இரும்பு ஒரு பக்கமாகச் சாய்ந்த நிலையிலேயே இருக்கும்; தாழ்ந்த சுரங்கள் வரும்போது அந்தப் பக்கம் சீக்கிரமே நிறைந்து அலை வடிவம் கெடும். தொப்பிப் பக்கம் தளர்ந்து கேட்டதன் காரணம் இதுதான்.

‘ம்ம்ம்’ ஓசைக்கும் வேர் இதே இடத்தில்தான் இருந்தது என்பது உரிமையாளருக்குப் பெரிய வியப்பு. அவர் 7199-ஐத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். ஓசையின் அதிர்வெண்ணைப் பார்த்தபோது அது 120 ஹெர்ட்ஸ். வால்வைச் சூடாக்கும் இழையான ஹீட்டரிலிருந்து கசிந்து வரும் ஓசையாக இருந்தால் அமெரிக்க மின்சாரத்தில் அது பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸாக இருக்கும். 120 என்றால் ரெக்டிஃபையருக்குப் பின்னால் எஞ்சி நிற்கும் அலைதான். ஸ்டீரியோ 70-இன் வெளியீட்டு வால்வுகளுக்குப் போகும் மின்னழுத்தம் முழுவதுமாக வடிகட்டப்படுவதில்லை. எஞ்சிய அலை இரண்டு வால்விலும் சமமாக வந்து, டிரான்ஸ்ஃபார்மரில் தானாகவே கழிந்துவிடும் என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்டது அது. ஜோடி சமமாக இல்லாவிட்டால் கழித்தல் முழுமையாகாது. மிச்சம் ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது. ஆகவே அவர் ஏலத்தில் தேடிக்கொண்டிருந்த விலையுயர்ந்த 7199 இந்த ஓசையை ஒரு துளியும் குறைத்திருக்காது.

வலது சேனல் வேறு கதை. அங்கே பயாஸ் திருகை முழுவதுமாக ஒரு பக்கம் திருப்பியும் மீட்டர் 1.9 வோல்ட்டுக்குக் கீழே இறங்க மறுத்தது. 1.9-ஐ 15.6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 122 மில்லி ஆம்பியர். தனித்தனியே பார்த்தால் ஒன்றில் 47, மற்றதில் 75. அந்த நேரத்தில் பிளேட்டு (எலெக்ட்ரான்கள் வந்து சேரும் தகடு) மின்னழுத்தம் 425 வோல்ட் இருந்தது. 75 மில்லி ஆம்பியரை அதனால் பெருக்கினால் ஸ்கிரீனின் பங்கும் சேர்த்து 32 வாட் வெப்பம். இஎல்34-இன் பிளேட்டு தாங்கக்கூடியது 25 வாட். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தபோது, அந்த வால்வின் சாம்பல் நிறப் பிளேட்டின் நடுவே, பக்கவாட்டு மடிப்பை ஒட்டி, விரல்நுனி அகலத்தில் மங்கிய செந்நிறத் திட்டு ஒன்று தெரிந்தது. உடனே மின்சாரத்தை நிறுத்தினோம்.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலானோர் செய்வது அந்த வால்வைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதைச் செருகுவது. சிவந்த வால்வுதான் குற்றவாளி என்று தோன்றும். ஆனால் இரண்டு வால்வையும் இடம் மாற்றிச் செருகியபோது செந்நிறம் வால்வோடு போகவில்லை. அதே சாக்கெட்டிலேயே இருந்தது. சாக்கெட்டில் இருந்தால் பழுது வால்வில் இல்லை. இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை. எந்த வால்வைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

வால்வைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் ஐந்தாவது முனையில், அதாவது வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் கிரிட்டில், என்ன மின்னழுத்தம் நிற்கிறது என்று பார்த்தேன். பயாஸ் திருகின் நடுமுனையில் எவ்வளவு எதிர்மின்னழுத்தம் இருக்கிறதோ அதே அளவு இங்கேயும் இருக்க வேண்டும். வால்வே இல்லாதபோது இடையில் நிற்கும் 270 கிலோ ஓம் ரெசிஸ்டரில் மின்னோட்டம் ஓடக் காரணம் ஏதுமில்லை. ஆனால் நான்கு வோல்ட் குறைந்திருந்தது. 270 கிலோ ஓமில் நான்கு வோல்ட் விழ 15 மைக்ரோ ஆம்பியர் போதும். அந்தச் சிற்றோட்டம் வந்தது 7199-இன் பக்கத்திலிருந்து. இடையில் நிற்கும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், வயதின் காரணமாக, தடுக்க வேண்டிய நேர்மின்னோட்டத்தைக் கசிய விட்டுக்கொண்டிருந்தது. பெட்டி சூடாகச் சூடாகக் கசிவு கூடியது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சத்தம் காரமானதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

திருகு போதாமல் போனதற்குத் துணைக் காரணம் பயாஸ் மின்னழுத்தத்தைத் தரும் செலீனியம் ரெக்டிஃபையர். சதுரத் தகடுகளை அடுக்கிய அந்தக் காலத்துப் பாகம் அது; வயதாக ஆக அதன் உள் தடை கூடி, தரும் எதிர்மின்னழுத்தம் குறைந்துகொண்டே வரும். எதிர்மின்னழுத்தம் குறைந்தால் வால்வு கூடுதலாக இழுக்கும். ஆம்ப்ளிஃபையரில் வால்வுகளைக் கொல்லும் பாகங்களில் இதுவே மிகவும் அமைதியானது: அது கெட்டால் சத்தம் நிற்காது, வால்வுதான் சீக்கிரம் போகும்.

சுவரிலிருந்து வரும் மின்சாரம்

ஸ்டீரியோ 70 வடிவமைக்கப்பட்டது 117 வோல்ட் மின்சாரத்துக்கு. அந்த வீட்டில் மாலை நேரத்தில் 123 வோல்ட் இருந்தது. அமெரிக்க வீடுகளில் இன்று இது சாதாரணம். மின் நிறுவனத்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து சதவீதக் கூடுதல் எல்லா இடத்திலும் பரவுகிறது: 6.3 வோல்ட் கிடைக்க வேண்டிய ஹீட்டருக்கு 6.6 வோல்ட்டுக்கும் மேல் போகிறது, உயர் மின்னழுத்தமும் ஏறுகிறது, ஏற்கெனவே சூடாக ஓடுவதற்குப் பேர் போன மெயின் டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் சூடாகிறது.

இங்கேதான் உரிமையாளரின் இரண்டாவது யோசனை, ஜிஇசட்34-ஐ எடுத்துவிட்டு சிலிக்கான் டயோடு செருகுவது, ஆபத்தானதாகிறது. ஜிஇசட்34-இன் அருமையே அதன் சோம்பலில் இருக்கிறது. அதன் கேதோடு மெல்லச் சூடாவதால், இஎல்34-களும் சூடாகி மின்னோட்டத்தை இழுக்கத் தயாராகும் நேரத்தில்தான் உயர் மின்னழுத்தம் எழுகிறது. டயோடு அப்படிக் காத்திருக்காது. சுவிட்சைப் போட்ட கணத்திலேயே முழு மின்னழுத்தமும் வந்து நிற்கும். இழுப்பதற்கு ஆள் இல்லாததால் அது உச்சத்துக்கு ஏறும். இந்த டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று ஒரு பக்கத்துக்கு 360 வோல்ட். 117 வோல்ட்டில் அதன் உச்சம் 509 வோல்ட். 123 வோல்ட்டில் 535. வடிகட்டிக் கெப்பாசிட்டரின் மேல் அச்சிட்டிருக்கும் எல்லை 525 வோல்ட். ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் சில நொடிகள் அந்த எல்லையைத் தாண்டி நிற்க வேண்டியிருக்கும். பழைய கெப்பாசிட்டர் ஒரு நாள் தாங்கும், ஒரு மாதம் தாங்கும். அதற்கு மேல் உத்தரவாதம் சொல்ல முடியாது.

மெதுவாக எழும் வகையில் அமைத்த செருகு ரெக்டிஃபையர்களும் விற்பனைக்கு இருக்கின்றன. அவை இந்தக் குறையைத் தீர்க்கும். இருந்தாலும் ஜிஇசட்34 கெடாத பெட்டியில் அதை மாற்றி என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்டால் சில வோல்ட் கூடுதல் என்பதைத் தவிர எனக்கு விடை தெரியவில்லை. அந்தச் சில வோல்ட்டைத்தான் நாம் குறைக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

5யு4 என்னும் இன்னொரு ரெக்டிஃபையர் வால்வு அதே சாக்கெட்டில் உட்காரும், மின்னழுத்தத்தையும் குறைக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். உட்காரும் என்பது உண்மை. ஆனால் ஜிஇசட்34-இன் ஹீட்டர் இழுப்பது 1.9 ஆம்பியர், 5யு4 இழுப்பது 3 ஆம்பியர். சூடான டிரான்ஸ்ஃபார்மரின் தலையில் இன்னும் 1.1 ஆம்பியரை ஏற்றுவது சரியான வழியில்லை.

ஆகவே சுவர் மின்சாரத்தைக் குறைக்கும் பழைய உபாயத்தையே கையாண்டோம். 6.3 வோல்ட் தரும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் வெளியீட்டுச் சுற்றை, எதிர்த் திசையில், ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் மின்கம்பியோடு தொடராக இணைத்தால் அதன் 6.3 வோல்ட் கழிந்துவிடும். 123 வோல்ட் 116.7 ஆகிறது. அந்தச் சுற்று 3 ஆம்பியருக்குக் குறையாமல் தாங்க வேண்டும், மூடிய உலோகப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், ஃபியூஸும் வேண்டும். திசையை மாற்றி இணைத்துவிட்டால் 129 வோல்ட் ஆகிவிடும். எனவே ஆம்ப்ளிஃபையரைச் செருகுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது கட்டாயம்.

கேடி88 ஏன் வேண்டாம்

கேடி88 நல்ல வால்வு. பார்க்கவும் கம்பீரமானது, பிளேட்டு தாங்கும் வெப்பத்தின் உச்ச எல்லை 42 வாட். ஆனால் ஓர் ஆம்ப்ளிஃபையர் எத்தனை வாட் தரும் என்பதை முடிவு செய்வது உயர் மின்னழுத்தமும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வால்வுக்குக் காட்டும் சுமையும், அதற்குப் பின்னால் எவ்வளவு மின்னோட்டம் கிடைக்கும் என்பதும்தான். வால்வை மாற்றுவதால் இவை மூன்றில் எதுவும் மாறுவதில்லை. மின்னோட்டத்தைக் கூட்டலாம் என்றால், ஜிஇசட்34-இன் எல்லை 250 மில்லி ஆம்பியர். பெட்டி வந்த நிலையில் இடதில் 100, வலதில் 122, 7199-கள் இழுக்கும் சிறு பங்கு எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே 220-ஐத் தாண்டியிருந்தது.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் பார்ப்பதில்லை. நிலையான பயாஸில் ஓடும் வால்வின் கன்ட்ரோல் கிரிட்டுக்கும் கேதோடுக்கும் இடையே எவ்வளவு தடை வரை இருக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் எல்லை உண்டு. இஎல்34-க்கு அது 500 கிலோ ஓம். கேடி88-க்கு 35 வாட்டுக்கு உட்பட்டு ஓட்டினால் 220 கிலோ ஓம், அதற்கு மேல் ஓட்டினால் 100 கிலோ ஓம்தான். ஸ்டீரியோ 70-இல் நிற்பது 270 கிலோ ஓம். வால்வின் கிரிட்டில் எப்போதும் மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். தடை கூடுதலாக இருந்தால் அந்தக் கசிவே பயாஸைக் குறைக்கும், குறைந்த பயாஸ் வால்வைச் சூடாக்கும், சூடு கசிவைக் கூட்டும். மெல்லத் தொடங்கி வேகமெடுத்துச் செந்நிறத்தில் முடியும் சங்கிலி அது. ரெசிஸ்டரைக் குறைத்தால் 7199-இன் மேல் சுமை ஏறும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்றையும் தொட்டாக வேண்டும். மேலும் கேடி88 அதே மின்னோட்டத்துக்குக் கூடுதலான எதிர்மின்னழுத்தம் கேட்கும். செலீனியம் ரெக்டிஃபையர் இஎல்34-க்கே கொடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தது.

மாற்று வேண்டுமென்றே விரும்புபவர்களுக்கு கேடி77 இருக்கிறது. இஎல்34-இன் இடத்தில் உட்காரத்தக்கதாகவே வடிவமைக்கப்பட்ட வால்வு அது, ஹீட்டர் 1.4 ஆம்பியர்தான். உரிமையாளர் அதில் ஆர்வம் காட்டவில்லை.

செய்த வேலையும் செய்த வரிசையும்

இந்த ஆய்வில் வரிசைக்கு நான் முக்கியத்துவம் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், எது எதைச் சரிசெய்தது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. கடைசியாகச் செருகிய பளபளக்கும் வால்வுக்கே எல்லாப் புகழும் போய்விடும்.

முதலில் மின்சாரத்தை நிறுத்தி, வடிகட்டிக் கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் காட்டுவதை உறுதி செய்தோம். 400 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கும் அந்த டப்பா, ஆளைக் கொல்லும் அளவு மின்சாரத்தைச் சுவிட்ச் அணைந்த பிறகும் தேக்கி வைத்திருக்க முடியும்; இதில் அவசரம் ஆகாது. பிறகு நான்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களும் மாறின. செலீனியம் போய்ச் சிலிக்கான் டயோடு வந்தது. இங்கே சிலிக்கான் பொருத்தமானதுதான், பயாஸ் வால்வுகளுக்கு முன்னதாகவே வந்து நிற்பது நல்லது. டயோடு கூடுதலாகத் தருவதால் தொடரில் நிற்கும் ரெசிஸ்டரின் மதிப்பைச் சற்றுக் கூட்டி, திருகு நடுப்பகுதியில் வேலை செய்யும்படி வைத்தோம். 15.6 ஓம் ரெசிஸ்டருக்குப் பதிலாக ஒவ்வொரு கேதோடுக்கும் தனித்தனியாக 10 ஓம் ரெசிஸ்டர். இனி ஒவ்வொரு வால்வின் மின்னோட்டமும் தனியாகத் தெரியும். 10 ஓமில் 0.4 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர், மனக்கணக்கே போதும். வடிகட்டிக் கெப்பாசிட்டரும் புதிது. ஆனால் முதல் பிரிவின் மதிப்பை ஆசைப்பட்டுக் கூட்டவில்லை, ஏனென்றால் ஜிஇசட்34-க்கு முதல் கெப்பாசிட்டர் 60 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது.

இவ்வளவும் முடிந்த பிறகு, அதே பழைய வால்வுகளைத் திரும்பச் செருகிக் கேட்கச் சொன்னேன். இருந்த நான்கு இஎல்34-களில் நெருங்கி வருபவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டதில் இடது ஜோடியின் வேறுபாடு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. ‘ம்ம்ம்’ ஓசை, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்தால் மட்டும் கேட்கும் அளவுக்கு அடங்கியது. வலது பக்கம் மாலை முழுவதும் ஓடியும் காரமாகவில்லை. உரிமையாளர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதுக்கே போதும் போலிருக்கே” என்றார்.

இருந்தாலும் புது இஎல்34-கள் தேவைப்பட்டன. செந்நிறமாக ஓடிய வால்வை நம்பி வைத்திருக்க முடியாது. எதை வாங்குவது என்ற பேச்சில் பழைய முல்லார்ட் சரக்கும் வந்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் பிளாக்பர்ன் ஆலையில் செய்த முல்லார்ட் இஎல்34-க்கு மதிப்பு உண்டு என்பதில் ஐயமில்லை. இன்று நல்ல நிலையிலுள்ள ஒரு ஜோடிக்கே பல நூறு டாலர் கேட்கிறார்கள். ஆனால் கண்ணாடியின் மேல் வெள்ளை எழுத்தில் அச்சிட்ட பெயர் எதையும் நிரூபிப்பதில்லை. வால்வு யுகத்திலேயே ஒரு ஆலையின் சரக்கு நான்கு நிறுவனங்களின் பெயரில் விற்பனையானது. இன்று முல்லார்ட், டங்-சோல் போன்ற பழைய பெயர்களின் உரிமை நியூ சென்சார் என்னும் அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. அந்தப் பெயரில் வரும் புது வால்வுகள் ரஷ்யாவின் சரடோவ் நகரில் செய்யப்படுபவை. அவை மோசமான வால்வுகள் இல்லை, வேறு வால்வுகள். உண்மையான பிளாக்பர்ன் சரக்கைக் காட்டுவது, கண்ணாடியின் அடிப்பக்கத்தில் அரிக்கப்பட்டதுபோல் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும் இரண்டு வரிக் குறியீடு. மேல் வரி வால்வின் வகையையும் திருத்த எண்ணையும் சொல்லும், கீழ் வரியில் முதலெழுத்து பி என்பது பிளாக்பர்னைக் குறிக்கும். ஏலத்தில் உரிமையாளர் கண் வைத்திருந்த ஜோடியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெட்டியும் பெயரும் புத்தம் புதிதாக இருந்தன. அந்தக் குறியீடு மட்டும் எங்கும் தெரியவில்லை. அதை விட்டுவிட்டோம்.

இன்று ஓடும் ஆலைகளில் பெரும்பாலானவை ஸ்லோவாக்கியாவின் சாட்சா நகரிலுள்ள ஜேஜே, சரடோவ், சீனா என்ற மூன்று இடங்களுக்குள் அடங்கிவிடும். 2022 மார்ச்சில் ரஷ்யா பல பொருள்களின் ஏற்றுமதியைத் தடுத்தபோது சரடோவ் வால்வுகளும் மாட்டிக்கொண்டு, கடைகளில் சரக்கு காலியாகி விலை ஏறியதை வால்வு வைத்திருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாங்கள் வாங்கியது, இந்தப் பெட்டி கொடுக்கும் மின்னழுத்தத்துக்கு நெருக்கமான அளவில் ஓட்டிப் பார்த்து ஜோடி சேர்த்துத் தரும் கடையிலிருந்து, இன்றைய தயாரிப்பான நான்கு இஎல்34. குறைந்த மின்னழுத்தத்தில் பொருந்திய ஜோடி 415 வோல்ட்டில் பொருந்தும் என்று சொல்ல முடியாது. கடைக்காரரிடம் எந்த அளவில் சோதித்தார் என்று கேட்டுவிடுவது நல்லது.

பயாஸைக் கையேடு சொல்லும் 50-க்கு வைக்காமல் 40 மில்லி ஆம்பியருக்கு வைத்தேன். இது என் விருப்பம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு. 50-இல் ஒரு வால்வுக்கு 20 வாட்டுக்கு மேல் போகும்; 40-இல் 17 வாட் அளவில் நிற்கும். இன்றைய இஎல்34-க்கு அந்த இடைவெளி பல நூறு மணி நேர ஆயுள். ரெக்டிஃபையருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் அதனால் சுமை குறைகிறது. காதில் வேறுபாடு இருக்கிறதா என்று இருவருமே கேட்டுப் பார்த்தோம்; இருவராலும் சொல்ல முடியவில்லை.

7199-களை மாற்றவே இல்லை. இரண்டையும் இடம் மாற்றிச் செருகிப் பார்த்தோம், பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டிப் பார்த்தோம். கணீரென்ற எதிரொலி ஸ்பீக்கரில் வரவில்லை. பிரிக்கும் டிரையோடின் கேதோடும் பிளேட்டும் இரண்டு சேனலிலும் கிட்டத்தட்ட ஒரே மின்னழுத்தத்தில் நின்றன. ஸ்டீரியோ 70-இல் பென்டோடின் பிளேட்டு நேரடியாக டிரையோடின் கிரிட்டோடு இணைந்திருப்பதால், பென்டோடு சோர்ந்தால் அந்த மின்னழுத்தங்களிலேயே தெரிந்துவிடும். ஒருநாள் இவை போனால், 6ஜிஎச்8ஏ என்னும் நெருங்கிய உறவுக்கார வால்வை முனை மாற்றும் சாக்கெட் வழியாகப் பயன்படுத்தலாம். ஹீட்டர் அதே 0.45 ஆம்பியர்தான். நேராகச் செருகக் கூடாது, முனை வரிசை வேறு.

கேட்டுப் பார்த்தது

புது இஎல்34-கள் ஒரு நாளைக்கும் மேல் ஓடி நிலைப்பட்ட பிறகு, பயாஸை மறுபடி பார்த்துவிட்டு, பழைய நல்ல ஜோடியோடு ஒப்பிட்டோம். ஒரே சத்தத்தில் ஒப்பிட வேண்டும் என்பதால் ஸ்பீக்கர் முனையில் மீட்டர் வைத்து அளவைச் சமப்படுத்தினோம். சத்தம் மிகச் சிறிதளவு கூடினாலும் அதையே காது நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். வால்வு ஆறவும் மாற்றவும் சூடாகவும் ஆகும் நேரத்தில் காதின் நினைவு கலைந்துவிடுகிறது என்பது இத்தகைய ஒப்பீட்டின் தீராத குறை. அந்தக் குறையோடு சொல்வதானால், தாழ்ந்த சுரங்களில் புது ஜோடி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. மற்றபடி, பழைய வால்வுகளைச் சரியான இடத்தில் உட்கார வைத்தபோது கிடைத்த மாற்றத்தோடு ஒப்பிட்டால் இது சிறியது. இந்தப் பெட்டியில், வெளியீட்டின் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து பிழையைக் குறைக்கும் ஃபீட்பேக் ஏறத்தாழ 20 டெசிபெல் இருக்கிறது. வால்வுக்கு வால்வு உள்ள வேறுபாட்டைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கும் அளவு அது. ஃபீட்பேக் இல்லாத ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபையரில் ஒரு வால்வை மாற்றிக் கேட்டவர் சொல்லும் அனுபவத்தை ஸ்டீரியோ 70-இல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உரிமையாளர் பழைய ஜிஇசட்34-ஐயும், பின்னர் அவர் ஆசைக்கு வாங்கிய புதிய ஒன்றையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்து, பழையதில் குரல் மென்மையாக இருக்கிறது என்கிறார். நான் அளந்தபோது உயர் மின்னழுத்தத்தில் இரண்டுக்கும் நடுவே சில வோல்ட்தான் வேறுபாடு; பயாஸை மறுபடி வைத்த பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் தம் கருத்தில் உறுதியாக இருக்கிறார். புதியது மாற்றுச் சரக்காக அலமாரியில் இருக்கிறது.

கடைசியாக அவர் பார்த்துச் சொன்ன அளவுகளில் மூன்று வால்வுகள் 0.40 வோல்ட்டை ஒட்டி நின்றன, வலது பக்கத்தில் ஒன்று மட்டும் 0.43. அந்த வேறுபாடு ஒலியைக் கெடுக்காது. 0.43 அடுத்த முறையும் ஏறியிருந்தால், அந்த வால்வை அதன் ஜோடியோடு இடம் மாற்றிச் செருகி, ஏற்றம் வால்வோடு போகிறதா, சாக்கெட்டிலேயே தங்குகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.